அந்தச் சாம்பல் நிறத்தை எடுக்கலாமா?

உங்களில் ஒருவர் போன வாரம் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ஏலக்கூடத்து டிவியில் காற்றைக் காட்டும் கடல் பலகைக்கான நிரலில், நினைவகத்தில் படத்தை வரையத் தொடங்கும் முன் அதை முழுக்கச் சாம்பல் நிறத்தால் நிரப்புகிற ஒரு வரி இருக்கிறது. திரை மாறும்போது அது ஒரு கணம் அழுக்குப் போலத் தெரிகிறது. படம் வரைய நாம் பயன்படுத்தும் நிரல் தொகுப்பான லைப்ரரியே இப்போது காலியான படத்தைத்தானே தருகிறது, இந்த வரி எதற்கு, எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்று மட்டும் சொன்ன ஆட்களை நான் வேலை பார்த்த எந்த ஊரிலும் நம்பியதில்லை. நீங்களும் நம்பத் தேவையில்லை. நடந்ததை எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. பூதப்பாண்டிப் பக்கம் பிறந்தேன். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அப்பா வயலில் பாம்பு கடித்து இறந்தார். அடுத்த வாரம் நான் தோவாளையில் பூக்கூடைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பள்ளி அத்துடன் சரி. பிறகு மும்பையில் கடைப் பலகை எழுதினேன், ஷார்ஜாவில் வண்டிகளுக்கு எழுத்து ஒட்டினேன், திருப்பூரில் பனியன்களில் பூவும் புலியும் அச்சடித்தேன். எந்த ஊரிலும் இரண்டு வருடம் தாண்டினால் எனக்குக் கால் அரிக்கும். திருப்பூரில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் சொல்லாமல் போய்விட்டார். முதலாளி என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். நிரல் எழுதப் படித்தது அப்படித்தான். ஆங்கிலம் எனக்குச் சரியாக வராது. ஆனால் கம்ப்யூட்டர் காட்டும் பிழைச் செய்திகளை மட்டும் ஆங்கிலத்தில் நன்றாகப் படிப்பேன். அவ்வளவு பார்த்திருக்கிறேன்.

நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்தபோது ஒரு பிளக்ஸ் கடையில் சேர்ந்தேன். கல்யாணம், பூப்பு நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பேனர் அடிக்கும் கடை. இரவில் பிளக்ஸ் சுருள்களின் மேல்தான் படுக்கை. கோடையில் அது முதுகில் ஒட்டிக்கொள்ளும். புகைப்படத்தையும் பெயர்களையும் கொடுத்தால் தானாகப் பேனரை அமைத்துத் தரும் நிரல் ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. நினைவகத்தில் ஒரு படம், அதாவது கட்டம் கட்டமாக நிறங்களின் எண்கள். அதில் பின்னணியை வரைவது, மேலே ஆளை வைப்பது, அதற்கு மேலே எழுத்து. முடிந்ததும் அச்சுக்கு அனுப்புவது. அடுத்த பேனரும் அதே அளவென்றால், அதே படத்தின் மேலேயே மறுபடி வரையும்.

ஒரு நாள் காலையில் ஒருவர் கடைக்குள் வந்து சுருட்டி வைத்திருந்த பேனரை மேசையில் விரித்தார். அவருடைய அப்பா முந்தின நாள் இறந்திருந்தார். கறுப்புப் பின்னணி, பெரியவரின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. எல்லாம் சரி. ஆனால் பின்னணியிலும் பெரியவரின் படத்திலும் தோளருகே ஒரு மூலை நிறம் விழாமல் ஓட்டையாக இருந்திருக்கிறது. அந்த மூலை வழியாக, அதற்கு முன் அடித்த கல்யாணப் பேனரிலிருந்து வளையல் போட்ட ஒரு கை பெரியவரின் தோளில் விழுந்திருந்தது.

“எங்கப்பாக்கு எண்பத்தி ரெண்டு வயசு,” என்றார் அவர். அழுது வீங்கிய முகம். “சாவுக்கு வந்த ஆளெல்லாம் எங்கம்மைகிட்ட, இது யாரு கைட்டின்னு கேக்குகாவ. அம்மை அழுகைய நிறுத்திட்டு என்னைப் பாக்கா. நான் என்ன சொல்லட்டும்?”

கடையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் போனபிறகும் யாரும் உடனே சிரிக்கவில்லை. கடையின் மூத்த ஆள் ஒருவர் இருந்தார், சுவரெழுத்துக் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். அவர் வேறு பேனர் அடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு எல்லோரையும் பார்த்து ஒன்றுதான் சொன்னார்: “வெள்ளையடிக்காத செவுத்துல எழுதாதீங்கடே.”

அன்றிலிருந்து எந்தப் படத்தைத் தொடும் முன்னும் நான் முதலில் அதை முழுக்க வெள்ளையாக்குவேன். கை தானாகச் செய்யும் பழக்கமாகிவிட்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் அதே பழக்கம் வேறு ஒரு நாள் என்னைப் பெரிய ஆபத்தில் கொண்டுவிடப் பார்த்தது. அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

நிரல் எழுதும் இந்த அலுவலகத்துக்கு நான் வந்த சில காலத்தில் கடல் பலகை வேலை வந்தது. இராஜாக்கமங்கலத்தை அடுத்து ஒரு கடற்கரை ஊர். மீன் ஏலம் விடும் கூடத்தில் ஒரு டிவி மாட்ட வேண்டும். காற்றின் வேகம் பற்றிய எண்கள் இணையத்தில் வரும். அவற்றை எடுத்து, குமரிக் கடலின் படமாக்கி, கடலுக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் பார்த்துவிட்டுப் போகும்படி காட்ட வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தவள் ஷீபா. உங்களில் பழையவர்களுக்கு அவளைத் தெரியும். பொறியியல் படித்தவள், அந்த ஊர்ப் பெண். அவளுடைய அப்பா சூசை அங்கேயிருந்து வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்.

எந்தக் காற்றுக்கு எந்த நிறம் என்பதை ஊர்க்காரர்களே முடிவு செய்தார்கள். காற்று குறைவான கடலுக்கு நீலம் போடலாம் என்று நான் சொன்னேன். “கடலே நீலம். பின்ன எங்களுக்குக் கடலையா காட்டப் போறிய?” என்று கேட்டார்கள். அதனால் அமைதிக்கு வெள்ளை. போகலாம் என்பதற்குப் பச்சை, கவனம் என்பதற்கு மஞ்சள், போகக்கூடாது என்பதற்குச் சிவப்பு. டிவி பழசு, தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைதான் தெளிவாகத் தெரிந்தது.

ஒவ்வொரு முறை எண்களை எடுக்கப் போகும்போதும் நிரல் முதலில் படத்தை வெள்ளையாக்கும், அவை வந்ததும் மெதுவாக வரையும். டிவிக்குப் பின்னால் கட்டியிருந்த கம்ப்யூட்டர் மிகச் சின்னது. மறைவாக ஒரு படத்தை வரைந்து முடித்துவிட்டு மாற்றிக்காட்ட அதற்குத் திராணி இல்லை. அதனால் திரை பளிச்சென்று ஒருமுறை வெளுத்து அடங்கும். அதுதான் தகராறானது. மீன் ஏலத்தில் வியாபாரிகள் பாதிப் பேச்சைக் கண்ணாலேயே பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

“ஒங்க டிவி கண்ணடிக்கு மக்கா,” என்று ஏலம் விடுகிறவர் ஷீபாவிடம் சொன்னார். “நான் யாரோ வெல ஏத்துனாவன்னு நெனச்சிட்டேன். நேத்து ஒரு கூடை சாளைய டிவிக்கு வித்துட்டேன்.”

கூடம் முழுக்கச் சிரித்தது. ஷீபாவும் சிரித்தாள். அடுத்த நாள் அந்த வெள்ளையாக்கும் வரியை எடுத்துவிட்டாள். புதுப் படம் எப்படியும் ஒரு கட்டம் விடாமல் பழைய படத்தின் மேல் விழும், பழையது மறைந்துவிடும், முதலில் வெளுக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது அவள் கணக்கு. கணக்கில் தவறில்லை. டிவி கண்ணடிப்பதை நிறுத்தியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த வாரக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அது கத்தோலிக்க ஊர், சர்ச்சில் ஞாயிறு பூசை முடியாமல் யாரும் கடலில் இறங்குவதில்லை. பூசை முடிந்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை ஏலத்துக்கு மீன் வேண்டும் என்பவர்கள் வெயில் தாழப் போவார்கள். டிவிக்கு இணையம் வந்தது பங்குக் கோயில் அலுவலகத்திலிருந்து. பூசை நேரத்தில் பையன்கள் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள் என்று, சனிக்கிழமை சாயங்காலமே அணைத்து, ஞாயிறு பூசை முடியும்வரை அந்த இணைப்பைப் போடாமல் வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை பூசை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுவார். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கடல் பலகைக்கும் கோயில் வழக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? முந்தைய ஞாயிறுகளில் பூசை நேரம் முழுக்கத் திரை வெறும் வெள்ளையாகவே நின்றிருக்கும். பார்க்க ஆள் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஞாயிறு புதுநன்மை, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஷீபாவின் அக்காள் மகளும் வெள்ளைக் கவுன் போட்டு மெழுகுதிரி பிடித்து நின்றாள். என்னையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பூசை நீண்டது, பிறகு ஊர்வலம், பிறகு பந்தி. கோயில்பிள்ளை பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். இணைப்பைத் திரும்பப் போடும் நினைவு அவருக்கு வரவில்லை.

சாப்பிட்டுக் கைகழுவிய பின் நான் ஏலக்கூடத்துப் பக்கம் நடந்தேன். நான் செய்த வேலை எங்கேயாவது மாட்டியிருந்தால் அதைப் போய்ப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. மும்பையில் நான் எழுதிய பலகைகளைப் பார்க்கவே பஸ் ஏறிப் போயிருக்கிறேன். கூடத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். திரை அழகாக இருந்தது. மேலே அன்றைய தேதி. பெரும்பகுதி வெள்ளை, கரையோரம் கொஞ்சம் பச்சை, தெற்கே தூரத்தில் அண்டிப்பருப்பு, அதாவது முந்திரிப்பருப்பு, வடிவில் சிறிய மஞ்சள் திட்டு. ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், நல்லாயிருக்கு என்பதுபோல “கொள்ளாம்” என்றார்கள், வள்ளத்துக்குப் போனார்கள்.

நானும் திரும்பியிருப்பேன். ஆனால் அந்த அண்டிப்பருப்பின் உள்வளைவில் ஒரு சின்ன உடைவு இருந்தது, பல் போனது மாதிரி. முந்தின நாள் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது அதே உடைவைப் பார்த்திருந்தேன். அதே இடத்தில், அதே அளவில்.

காற்று ஒரு இடத்தில் நிற்காது. ஒரு இரவும் பகலும் கழிந்து, ஒரு கட்டம்கூட நகராமல், உடைந்த பல்லோடு அது அங்கேயே உட்கார்ந்திருக்க வழியில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது நேற்றைய கடல். எண்கள் வரவில்லை, அதனால் நிரல் எதையும் வரையவில்லை. யாரும் அழிக்காததால் நினைவகத்தில் பழைய படம் அப்படியே இருந்தது. தேதியை மட்டும் கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தது.

வெளியே பார்த்தால் சில வள்ளங்கள் ஏற்கெனவே தூரத்தில் புள்ளிகளாகியிருந்தன.

ஷீபாவைப் போனில் கூப்பிட்டேன். அவள் விருந்துச் சேலையோடு மணலில் ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அப்பா?” என்றேன்.

“அந்தா, வலை ஏத்திட்டு நிக்காரு.”

நான் டிவிக்குப் பின்னாலிருந்து கீபோர்டை எடுத்தேன். பழக்கம் கையில் வந்துவிட்டது. பொய்யான படத்தை முதலில் அழி, வெள்ளையடி. கட்டளையைப் பாதி தட்டிவிட்டேன். ஷீபா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“என்ன செய்யுதிய அண்ணாச்சி? வெள்ளைன்னா அமைதி!”

உண்மைதான். இருந்த பச்சையும் மஞ்சளும்கூடப் போய், குமரிக்கடல் முழுக்கக் கண்ணாடி மாதிரி கிடக்கிறது என்று அந்தத் திரை சொல்லியிருக்கும். டிவியை அணைக்கலாமா என்றேன். அணைத்தால் கரண்ட் போய்விட்டது என்று நினைப்பார்கள், சற்று முன் பார்த்ததை வைத்துப் போய்விடுவார்கள் என்றாள். போனில் எண்களை எடுக்கப் பார்த்தாள். கரையில் சிக்னல் ஒரு கோடு நின்றது, பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. கோயில் படிக்கட்டுக்குப் போனால் கிடைக்கும். ஆனால் அதற்குள் வள்ளங்கள் இறங்கிவிடும்.

அப்போது அவள் சொன்னாள்: “செவப்பு போடுங்க. முழுசும் செவப்பு. ஒரே வரிதான.”

ஒரே வரிதான். எனக்கும் அந்த எண்ணம் வந்திருந்தது. திரை முழுக்கச் சிவப்பு வந்தால் கரையில் நிற்கும் ஒருவரும் இறங்க மாட்டார்கள். சூசையும் நிற்பார். உண்மையிலேயே காற்று வருகிறதா என்று எங்களுக்குத் தெரியாது. வராவிட்டால் ஒரு நாள் பிழைப்புப் போகும், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. அடுத்த முறை சிவப்பு உண்மையாக வரும்போது, அன்றைக்கு டிவி சொன்ன பொய்யை அவர்கள் நினைப்பார்கள். அப்போது இறங்குகிறவர்களை எந்த நிறத்தால் நிறுத்துவது? இதையெல்லாம் நான் அப்போது இப்படி வரிசையாக யோசிக்கவில்லை. அழுத்தினால் தப்பு என்று மட்டும் தெரிந்தது. ஏன் என்று சொல்ல நேரம் இல்லை.

“செவப்பு நமக்குத் தெரியாது,” என்றேன்.

“வெள்ளையும்தான் தெரியாது!”

“ரெண்டும் தெரியாதுன்னு காட்டுவோம்.”

படத்தில் இருந்த ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து, அதன் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, அந்த ஒரே எண்ணை மூன்று இடத்திலும் வைக்கும் சின்னச் சுற்று ஒன்றை எழுதினேன். நிறம் முழுக்க வடிந்துபோகும். வெள்ளை வெள்ளையாகவே நின்றுவிடக்கூடாது என்று ஷீபா ஒவ்வொரு எண்ணையும் பாதியாகக் குறைக்கச் சொன்னாள். கடல் முழுவதும் அடுப்புச் சாம்பல் போல ஆனது. அதற்கு மேல் எழுதினோம்: இது நேற்றைய கடல். இன்றையது தெரியாது.

திரை மாறியதைக் கண்டு கரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சூசையும் வந்தார், தோளில் டீசல் கேன்.

“என்ன, டிவிக்குச் சீக்கா?” என்றார் சூசை.

“கலரு போச்சு போல. நம்ம டிவிக்கும் வயசாச்சுல்லா.”

“எழுதிருக்கு வேய். இது நேற்றைய கடல், இன்றையது தெரியாது,” என்று வாசித்தார் இன்னொருவர்.

“தெரியாதா?” ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “தெரியாதுன்னு எழுதி வைக்கதுக்கா ஒம்மள நாகர்கோயில்ல இருந்து கூட்டிட்டு வந்திருக்கு? அத நாங்களே எழுதுவோமே!”

ஷீபா அப்பாவின் முன்னால் போய் நின்றாள். “அப்பா, போவாண்டாம். முன்ன காட்டுனது பழைய படம். காத்து எப்படின்னு தெரியல்ல.”

“தெரியல்லன்னுதான சொல்லுக. காத்து அடிக்கும்னு சொல்லல்லியே?”

“அடிச்சா?”

சூசை திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூடத்தின் வாசலுக்குப் போய் மேற்கே பார்த்தார், தெற்கே பார்த்தார். கடல் சாதுவாகத்தான் கிடந்தது. வெயில் மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது. மற்றவர்களிடம் ஏதோ பேசினார். சிலர் வலையை இறக்கினார்கள். அவர் இறக்கவில்லை.

“தூரம் போவல்ல மக்கா. போன் எடுக்குற தூரத்துலதான் நிப்பேன். வெவரம் தெரிஞ்சா நீ போன் பண்ணு.”

வள்ளம் அலையைத் தாண்டி ஏறி இறங்கியதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஷீபா என் பக்கம் திரும்பவில்லை. “செவப்பு போட்டிருந்தா எங்கப்பா கரையில நின்னிருப்பாரு,” என்றாள். அப்புறம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோயில் படிக்கட்டை நோக்கி ஓடினாள்.

நான் திரையின் முன்னால் தனியாக நின்றேன். ஷார்ஜாவில் ஒருமுறை சாரம் சரிந்து மூன்றாம் மாடியிலிருந்து தொங்கியிருக்கிறேன். அப்போது இவ்வளவு பயம் வரவில்லை. தொங்கியது நான்தானே. இங்கே வேறொருவர் கடலில் இருந்தார். நான் ஒரு பொத்தானை அழுத்தாததால் இருந்தார்.

ஷீபா திரும்பி வந்தபோது போனைக் காதில் வைத்திருந்தாள். கோயில்பிள்ளையும் இணைப்பைப் போடச் சாவிக்கொத்தோடு கோயில் அலுவலகத்துக்கு ஓடினார். எண்கள் கிடைத்துவிட்டன. காலையிலேயே மாறியிருந்தன. தென்மேற்கில் சிவப்பு, கரையை நோக்கி.

“அப்பா, திரும்பி வாங்க. இப்பமே. காத்து வருகு.” அந்தப் பக்கம் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவள் முகம் மாறியது. “வேண்டாம்ப்பா. வயர்லஸ்ல கூப்புடுங்க... எடுக்கல்லன்னா விடுங்க... அப்பா!”

போனை இறக்கினாள். முன்னால் போன வள்ளங்களில் வயர்லஸை யாரும் எடுக்கவில்லையாம். அவர்கள் வெள்ளையாக இருந்த டிவியைப் பார்த்துவிட்டுப் போனவர்கள், தான் போய்ச் சொல்லாமல் வேறு யார் சொல்வார் என்று சொல்லிவிட்டுச் சூசை வள்ளத்தைத் தெற்கே திருப்பியிருந்தார். கொஞ்ச நேரத்தில் போனும் எட்டவில்லை.

அதன் பிறகு நடந்தது காத்திருப்பு மட்டும். அதை எழுதி உங்களுக்கு விளக்க முடியாது. கோயில் மணியை விட்டு விட்டு அடித்தார்கள். விருந்துக்கு வந்த சனம் முழுக்கப் புதுத் துணியோடு கரையில் நின்றது. புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் அணையாத மெழுகுதிரியோடு நின்றார்கள். காற்று முதலில் அந்தத் திரிகளை அணைத்தது. பிறகு மணலைக் கிளப்பியது. பிறகு ஏலக்கூடத்து ஓலைத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு போனது. இணைப்பு வந்துவிட்டதால் டிவி ஒழுங்காகத் தன் வேலையைச் செய்தது. சாம்பல் மறைந்து பாதிக் கடல் சிவப்பானது. அதைப் பார்க்க அப்போது யாருக்கும் விருப்பமில்லை.

வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று அலையில் கவிழ்ந்தது. அதிலிருந்த ஒருவருக்குக் கால் முறிந்தது, இன்ஜின் போனது, ஆட்களை இழுத்துக் கரைசேர்த்தார்கள். ஒவ்வொரு வள்ளம் வரும்போதும் ஷீபா எண்ணவில்லை, முன்பகுதியில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் பார்த்தாள். சூசையின் வள்ளம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது.

அவர் நனைந்து நடுங்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்து, யாரோ கொடுத்த கட்டன் சாயாவைக் குடித்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். சிவப்பு போட்டிருக்கலாம் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். திட்டுவார் என்றும் எதிர்பார்த்தேன்.

“என்னத்தவே எழுதிருந்தீரு?” என்று கேட்டார்.

சொன்னேன். இது நேற்றைய கடல், இன்றையது தெரியாது.

“கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். எனக்கு ஒரெழுத்தும் தெரியல்ல. அவன் வாசிச்சான், நான் அவன் பேச்சையும் நம்புகதில்ல.” சாயாவை ஊதினார். “அந்தக் கலரத்தான் பாத்தேன். அப்படி ஒரு கலரு கடலுக்குக் கெடையாது. அதான் தூரம் போவல்ல.”

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஷீபா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. சிவப்பு போட்டிருந்தால் அவர் கரையில் நின்றிருப்பார் என்பது உண்மை. முன்னால் போனவர்களிடம் யார் போயிருப்பார் என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டையும் வைத்து நான் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருமுறையும் விடை ஒன்றாக வரவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கு விடை தெரிந்த மாதிரி நடந்துகொள்ளாதீர்கள் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

வாரம் முடிந்து ஷீபா பேசத் தொடங்கியபோது, அந்த வரியை அவளே எழுதி வந்திருந்தாள். ஒவ்வொரு முறையும் படத்தை முதலில் சாம்பலாக்கும் வரி. வெள்ளையும் இல்லை, லைப்ரரி தரும் வெறுமையும் இல்லை. அந்த வெறுமையைப் பழைய டிவி வெள்ளையாகத்தான் காட்டும், புதுத் திரை கறுப்பாகக் காட்டும், கறுப்பைப் பார்த்தால் கரண்ட் போய்விட்டது என்பார்கள். உண்மையான எண்கள் வந்து மூடும்வரை, தெரியாது என்பதற்கு என்று ஒரு நிறம் இருக்க வேண்டும் என்றாள். மறுபடி டிவி கண்ணடிக்குமே என்றேன். “கண்ணடிக்கட்டும். சாளைய டிவி வாங்கட்டும்,” என்றாள்.

இப்போது கம்ப்யூட்டர் பெரிதாகிவிட்டது. மறைவில் இன்னொரு படத்தை வரைந்து மாற்றிக்காட்ட முடியும். அப்படிச் செய்து கண்ணடிப்பதை நிறுத்துங்கள், தடையில்லை. ஆனால் மறைவில் வரையும் அந்தப் படத்தையும் முதலில் அந்த நிறத்தால் நிரப்புங்கள்.

அந்த ஊரில் இன்றைக்கும் ஞாயிறு பூசை நேரத்தில் இணைப்பை அணைத்துத்தான் வைக்கிறார்கள். நாங்கள் கேட்டும் அவர்கள் வழக்கத்தை மாற்றவில்லை. அந்த நேரத்துத் திரையை அங்கே பூசைக்கலர் என்கிறார்கள். பூசைக்கலர் மாறாமல் வள்ளம் இறங்குவதில்லை என்று அவர்களாகவே ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டுவிட்டார்கள்.

ஆகவே, எடுத்துவிடலாமா என்று கேட்டவருக்கு: வரியில் கைவைக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் போய்வாருங்கள். பூசை முடிவதற்குள் போய்விடுங்கள். சூசைக்கு இப்போது முழங்கால் வலி, பூசையில் அதிக நேரம் நிற்க முடியாமல் ஏலக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார். திரை சாம்பலாக இருக்கும், அவர் அதைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நிறம் கொஞ்சம் அழுக்காக இருக்கிறது, எடுக்கட்டுமா என்று அவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் எடுத்துவிடுங்கள்.